அதிதூதர் யார்? வேதத்தில் இருப்பதும் சுவர்ப் படத்தில் இருப்பதும்

பர்மியப் புத்தாண்டான திங்யான் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஞாயிறு வகுப்பில் ஒரு சிறுவன் கையைத் தூக்கினான். "சயாமா, தமன்மின்னும் தஜாமின்னும் ஒருவர்தானா?"

பர்மாவுக்கு வெளியே இருக்கிற வாசகருக்கு இந்தக் கேள்வியைக் கொஞ்சம் அவிழ்த்துச் சொல்ல வேண்டும். சயாமா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியை. யாங்கோனில் எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் பர்மிய மொழியும் பேசி வளர்கிறவர்கள். எழுத்து என்றாலே அவர்களுக்கு முதலில் கைக்கு வருவது பர்மிய எழுத்துதான். தமிழில் பிராட்டஸ்டண்டுகள் 'பிரதான தூதன்' என்றும் கத்தோலிக்கர் 'அதிதூதர்' என்றும் சொல்கிறவரை, பர்மியக் கிறிஸ்தவர்கள் 'காவுங்கின் தமன்மின்' என்கிறார்கள். காவுங்கின் என்றால் வானம், தமன் என்றால் தூதர், மின் என்றால் அரசர். தஜாமின் வேறு ஆள். பர்மிய பௌத்த மரபில் நட் தேவதைகளுக்கெல்லாம் தலைவர், நம் இந்திரன். புத்தாண்டுக்குப் பூமிக்கு இறங்கி வந்து, நல்லவர்களின் பெயரைப் பொன்னேட்டிலும் கெட்டவர்களின் பெயரை நாய்த்தோலிலும் எழுதிக்கொண்டு திரும்புவார் என்று அக்கம்பக்கத்துப் பாட்டிமார் சொல்லி எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் மிக்கேல் ஒரு கையில் வாளும் மறுகையில் தராசும் வைத்திருக்கிறார். பையன் அந்தத் தராசையும் தஜாமின்னின் ஏட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டான். "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அவனை உட்கார வைப்பது எளிது. ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. வேதத்தில் அதிதூதரைப் பற்றி உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரியவர்களிலும் பலர் ஒருமுறைகூடத் தேடிப் பார்த்ததில்லை. அவனுக்காகத் தொகுத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் 'தூதர்' என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். யாங்கோன் மெர்ச்சண்ட் தெருவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. விசாவுக்காக அங்கே வரிசையில் நின்ற எங்கள் ஊர்த் தமிழருக்குத் தூதர் என்றால் யார் என்று விளக்கவே தேவையில்லை. தன்னை அனுப்பியவரின் சொல்லைச் சுமந்து வந்து, அவர் பெயரால் பேசுகிறவர். பர்மியச் செய்தித்தாளில் நாட்டுத் தூதுவரைக் குறிக்கும் சொல்லிலும் இதே 'தமன்' உண்டு. எபிரெய மொழியின் 'மல்ஆக்', கிரேக்கத்தின் 'அங்கெலோஸ்' இரண்டும் அப்படித்தான். சிறகு, ஒளிவட்டம், வெள்ளை அங்கி எதுவும் அந்தச் சொற்களுக்குள் இல்லை. செய்தி கொண்டுபோகிற எந்த ஆளையும் அவை குறிக்கும்.

இதற்கு ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான சான்று கிடையாது. முதல் வசனத்தில் தேவதூதர்கள் யாக்கோபைச் சந்திக்கிறார்கள். மூன்றாம் வசனத்தில் யாக்கோபு தன் அண்ணன் ஏசாவிடம் ஆள் அனுப்புகிறான். வானத்திலிருந்து வந்தவர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் எபிரெயத்தில் ஒரே சொல்தான். புதிய ஏற்பாட்டில் லூக்கா 7:24இல் யோவான் ஸ்நானன் இயேசுவிடம் அனுப்பிய ஆட்களும் கிரேக்கத்தில் 'அங்கெலோஸ்' என்ற சொல்லின் பன்மையால்தான் குறிக்கப்படுகிறார்கள். 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாக இருந்த பெரிய கிரகோரியார், தூதர் என்பது செய்யும் பணியின் பெயர், இயல்பின் பெயர் அன்று என்று தம் மறையுரையொன்றில் சொன்னார். மேலே படிக்கப்போகும் எல்லாவற்றுக்கும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்தத் தூதர் என்ற சொல்லுக்கு முன்னால் தலைமையைக் குறிக்கும் ஒட்டைச் சேர்த்தால் கிரேக்கத்தில் 'ஆர்க்கங்கெலோஸ்' ஆகிறது. நம் அதிதூதர் அதுதான். இது வேதத்தில் எத்தனை முறை வருகிறது என்று வகுப்பில் கேட்டேன். நூறு என்றான் ஒருவன், ஐம்பது என்றாள் இன்னொருத்தி. இரண்டே முறைதான் வருகிறது. ஒன்று 1 தெசலோனிக்கேயர் 4:16, மற்றது யூதா எழுதிய சிறு நிருபத்தின் 9ஆம் வசனம். எபிரெய வேதமான பழைய ஏற்பாட்டில் இதற்கு நேரான ஒரு சொல்கூட இல்லை. வருகிற இரண்டு இடத்திலும் ஒருமைதான். 'அதிதூதர்கள்' என்ற பன்மை வேதத்தில் ஒரு இடத்திலும் இல்லை.

தெசலோனிக்கேயரில் பவுல் ஆண்டவரின் வருகையைப் பற்றி எழுதுகிறார். அவர் வானத்திலிருந்து இறங்கி வரும்போது ஆரவாரமும் பிரதான தூதனுடைய சத்தமும் தேவ எக்காளமும் இருக்கும் என்கிறார். அந்தத் தூதன் பெயர் என்ன என்று அவர் சொல்லவில்லை. யூதா நிருபத்தில் மட்டுமே அதிதூதர் என்ற பட்டமும் மிக்கேல் என்ற பெயரும் ஒன்றாக வருகின்றன. ஆகவே வேதம் நேரடியாக 'அதிதூதர்' என்று அழைக்கிறவர் ஒரே ஒருவர்தான்.

மிக்கேல் என்பதும் மிகாவேல் என்பதும் ஒரே பெயர். கத்தோலிக்க வழக்கில் முதலாவது, பழைய பிராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பில் இரண்டாவது. இந்தத் தூதர் வேதத்தில் வருவது ஐந்து வசனங்களில்: தானியேலில் மூன்று, யூதாவில் ஒன்று, வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒன்று. இதே பெயரில் சாதாரண மனிதர்களும் பழைய ஏற்பாட்டில் உண்டு. கானான் நாட்டை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் செத்தூர் என்பவனின் தகப்பன் பெயர் மிகாவேல். எங்கள் சபையில் மிக்கேல் என்ற பெயரில் தாத்தாக்கள் இருப்பது போலத்தான் அதுவும்.

தானியேல் 10ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். தானியேல் மூன்று வாரம் உபவாசம் இருந்து ஜெபிக்கிறான். பிறகு ஒருவர் வந்து, உன் ஜெபம் முதல் நாளே கேட்கப்பட்டது, ஆனால் பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி இருபத்தொரு நாள் என்னை எதிர்த்து நின்றான் என்கிறார். "பிரதான அதிபதிகளில் ஒருவனாகிய மிகாவேல் எனக்கு உதவியாக வந்தான்" என்றும் சொல்கிறார். இங்கே தூதர் என்ற சொல்லே இல்லை, 'அதிபதி' என்றுதான் இருக்கிறது. எபிரெயத்தில் அது 'சார்'. படைத்தலைவனுக்கும் அரண்மனை அதிகாரிக்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். யோசேப்பின் கதையில் பார்வோனுடைய சுயம்பாகிகளின் தலைவன்கூட 'சார்'தான்.

ஒரு நாட்டுக்கு வானத்தில் ஓர் அதிபதியா என்று இந்தக் காலத்து வாசகர் திகைப்பார். அந்தக் காலத்து யூதருக்கு அது பழகிய எண்ணம். உபாகமம் 32:8இல் தேவன் ஜாதிகளின் எல்லைகளைப் பிரித்ததைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. நம் தமிழ் வேதத்தில் அது இஸ்ரவேல் புத்திரரின் தொகைக்குத் தக்கதாக என்று வருகிறது. கிரேக்கப் பழைய மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அதே இடத்தில் தேவனுடைய தூதர்களின் தொகைக்குத் தக்கதாக என்றிருக்கிறது. சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த ஓர் எபிரெயத் துண்டில் தேவபுத்திரர் என்று காணப்படுகிறது. ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒரு வான அதிபதி என்ற அந்த எண்ணத்தின் வெளிச்சத்தில் படித்தால் தானியேல் 12:1 துலங்கும். அங்கே மிகாவேல் "உன் ஜனத்தின் புத்திரருக்காக நிற்கிற பெரிய அதிபதி" என்று அழைக்கப்படுகிறார். சொந்த அரசனும் இல்லை, படையும் இல்லை, அந்நியன் ஆட்சியில் பிழைக்கிற ஒரு சிறு கூட்டத்துக்கு, உங்களுக்காக நிற்க ஒருவர் இருக்கிறார் என்று சொன்ன செய்தி அது. மூன்று நான்கு தலைமுறையாகப் பிற மொழிக்காரர் நடுவில் வாழ்கிற எனக்கு இந்த வசனத்தை வெறும் தகவலாகப் படித்துவிட்டுப் போக முடிவதில்லை.

வெளிப்படுத்தின விசேஷம் 12:7இல் மிகாவேலும் அவரைச் சேர்ந்த தூதர்களும் வலுசர்ப்பத்தோடு யுத்தம் பண்ணுகிறார்கள். நம் சுரூபங்களில் காலடியில் கிடக்கும் பசாசு இந்த ஒரு அதிகாரத்திலிருந்து வந்ததே. மிக்கேலின் கையில் தராசு இருப்பதாகவோ வேதத்தில் இல்லவே இல்லை. ஆத்துமாக்களை நிறுக்கும் மிக்கேல் ஐரோப்பாவின் ஓவியமும் சிற்பமும் வளர்த்த உருவம். வெளிப்படுத்தின விசேஷம் 20இல் நியாயத்தீர்ப்புக்குப் புஸ்தகங்கள் திறக்கப்படும்போது மிக்கேல் பக்கத்தில் நிற்பதாகக்கூட எழுதப்படவில்லை. பையனின் கேள்வி கிளம்பிய இடமே அந்தத் தராசுதான். ஆக, அவன் ஒப்பிட்டது வேதத்து மிக்கேலை அல்ல, சுவர்ப் படத்து மிக்கேலை.

கபிரியேலைப் பற்றிச் சொன்னால் பலர் என்னை நம்ப மறுக்கிறார்கள். வேதம் அவரை ஒருமுறைகூட அதிதூதர் என்று அழைக்கவில்லை. தானியேல் 8லும் 9லும் தரிசனத்துக்கு விளக்கம் சொல்ல வருகிறார். லூக்கா முதல் அதிகாரத்தில் முதியவரான சகரியாவிடமும், பிறகு நாசரேத்தில் மரியாளிடமும் போகிறார். சகரியா சந்தேகப்பட்டபோது "நான் தேவசந்நிதானத்தில் நிற்கிற காபிரியேல் என்பவன்" என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். தம் பதவி இன்னது என்று சொல்லாமல் தாம் எங்கே நிற்கிறவர் என்று மட்டும் சொல்கிறார். மரியாளுக்கு அவர் அறிவித்த இயேசுவின் பிறப்புச் செய்தியின் பெருமையால்தான் பிற்காலச் சபை அவரை அதிதூதர் வரிசையில் வைத்தது. சிறு செய்திகளை அறிவிப்பவர் தூதர், மிகப் பெரியவற்றை அறிவிப்பவர் அதிதூதர் என்ற கிரகோரியாரின் விளக்கப்படி அது பொருத்தமே. மரியாளிடம் சொல்லப்பட்டதைவிடப் பெரிய செய்தி எது?

எங்கள் தெருவில் சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும்போது ஜிப்ரயீல், மீக்காயீல் என்ற பெயர்கள் காதில் விழும். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்த இரு பெயர்களும் அடுத்தடுத்த வசனங்களில் வருகின்றன. ஜிப்ரயீல்தான் நபிக்கு வேத வெளிப்பாட்டைக் கொண்டுவந்தவர் என்பது அவர்கள் விசுவாசம். ஒரே பெயர்களை இரண்டு வேதமும் தாங்கியிருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டு ஓடி வந்து சொன்னார்கள்.

ரபேலுக்கு வரும்போது எங்கள் வீட்டு அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா வழி கத்தோலிக்கர், அப்பா வழி பிராட்டஸ்டண்ட். அலமாரியில் இரண்டு வேதமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் 73 புத்தகங்கள், மற்றதில் 66. அம்மாவைப் பெற்ற ஆயா ரபேல் சம்மனசிடம், அதாவது ரபேல் தூதரிடம், வழித்துணை கேட்டு ஜெபிப்பார். அப்பாவின் வேதத்தில் தேடினால் ரபேல் கிடைக்கமாட்டார். சின்ன வயதில் எனக்கு இது பெரிய குழப்பம். ரபேல் வருவது தோபித்து என்ற நூலில். கத்தோலிக்கரும் கிழக்கத்திய மரபுவழிச் சபைகளும் அதை வேதநூலாக ஏற்கிறார்கள், பிராட்டஸ்டண்டுகள் ஏற்பதில்லை. இரண்டு வேதத்துக்கும் உள்ள புத்தக எண்ணிக்கை வித்தியாசம் தெரிந்துவிட்டால், அதிதூதர் மூவரா ஒருவரா என்ற சண்டையில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

தோபித்து நூலில் இருப்பது நெஞ்சைத் தொடும் ஒரு குடும்பக் கதை. நினிவே நகரத்தில் அந்நியனாக வாழும் தோபித்து என்ற யூதர், தம் இனத்தாரின் பிணங்களைத் தெருவில் கிடக்கவிடாமல் எடுத்து அடக்கம் செய்கிறவர். அவருக்குப் பார்வை போய்விடுகிறது. மகன் தோபியா தூர தேசத்துக்குப் பணம் வாங்கிவரப் புறப்படுகிறான். அவனுக்கு வழித்துணையாக, அனனியாவின் மகன் அசரியா என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருகிறார். நாயும் கூடவே போகிறது. ஆற்றில் பிடித்த மீனின் பித்தத்தைப் பத்திரப்படுத்தச் சொல்கிறார். வழியில் சாரா என்ற பெண்ணின் துயரம் நீங்கிக் கல்யாணம் நடக்கிறது. ஊர் திரும்பி, மீனின் பித்தத்தைத் தகப்பனின் கண்ணில் பூச, பார்வை திரும்புகிறது. கூலி கொடுக்கப் போகும்போதுதான் அவர் தம் உண்மைப் பெயரைச் சொல்கிறார்: ஆண்டவரின் மாட்சிமைக்கு முன் நிற்கும் ஏழு வானதூதர்களுள் ஒருவராகிய ரபேல். பெயருக்குப் பொருளும் 'கடவுள் குணமாக்குகிறார்' என்பதே. இந்த நூலின் அரமேய, எபிரெயத் துண்டுகள் கும்ரானிலும் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்துவுக்கு முன்னரே யூதர்கள் இதைப் படித்துவந்தார்கள் என்பதற்கு அது சான்று. அப்பா வழியினர் இதை வேதமாக ஏற்காவிட்டாலும் ஒருமுறை படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வேன்.

ஏழு பேர் என்றால் மற்றவர்கள் யார்? ஊரியேல், ரகுவேல், சரியேல், ரெமியேல் என்று ஒரு வரிசை ஏனோக்கின் பெயரால் வழங்கும் பழைய யூத நூலில் இருக்கிறது. சபைகளில் எத்தியோப்பிய, எரித்ரிய மரபுவழிச் சபைகள் மட்டும் அந்த நூலைத் தம் வேதத்தில் வைத்திருக்கின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 8:2 தேவனுக்கு முன்பாக நிற்கும் ஏழு தூதர்களைச் சொன்னாலும் பெயர் ஒன்றும் தரவில்லை. 745இல் ரோமில் கூடிய ஒரு சங்கம், வேதத்தில் இல்லாத தூதர் பெயர்களைச் சொல்லி ஜெபிப்பதைக் கண்டித்தது. ஊரியேலின் பெயரும் அந்தக் கண்டனத்தில் இருந்தது. அதனால்தான் கத்தோலிக்க நாட்காட்டியில் செப்டம்பர் 29இல் மிக்கேல், கபிரியேல், ரபேல் என்று மூவரோடு நின்றுவிடுகிறார்கள். 1969இல் நாட்காட்டி திருத்தப்படுவதற்கு முன் மூவருக்கும் தனித்தனி நாள் இருந்தது.

லூசிபர் என்ற அதிதூதன் விழுந்து பிசாசானான் என்று வகுப்பில் ஒரு பெண் உறுதியாகச் சொன்னாள். ஏசாயா 14:12ஐத் தமிழில் திறந்து படிக்கச் சொன்னேன். "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே" என்றிருக்கிறது. லூசிபர் என்பது விடிவெள்ளிக்கு லத்தீன் சொல். லத்தீன் வேதத்தில் அப்படி இருந்ததைச் சில ஐரோப்பிய மொழிபெயர்ப்புகள் பெயராகவே வைத்துக்கொண்டன. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைத் தந்துவிட்டார்கள். அந்த அதிகாரத்தின் 4ஆம் வசனமே இது பாபிலோன் ராஜாவின்மேல் பாடப்படுவது என்று சொல்கிறது. சபைப் பிதாக்கள் காலத்திலிருந்து அதைச் சாத்தானின் வீழ்ச்சிக்கும் பொருத்திப் படித்துவந்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவனை அதிதூதன் என்று வேதம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. 2 பேதுரு 1:19இல் விசுவாசிகளின் இருதயத்தில் உதிக்கும் விடிவெள்ளிக்கும் லத்தீன் வேதத்தில் இதே லூசிபர் என்ற சொல்தான் இருக்கிறது என்றபோது அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிக்கேலும் இயேசுவும் ஒருவரா?

இது பலர் வீட்டு வாசலுக்கே வந்த கேள்வி. யெகோவாவின் சாட்சிகள் மிக்கேல்தான் இயேசு என்று போதிக்கிறார்கள். அவர் கடவுளால் முதலில் படைக்கப்பட்டவர், பூமிக்கு வருமுன்னும் பரலோகம் திரும்பிய பின்னும் அவர் பெயர் மிக்கேல் என்பது அவர்கள் நிலை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாரும் மிக்கேல் என்பது கிறிஸ்துவைக் குறிக்கிறது என்கிறார்கள். ஆனால் அவர் படைக்கப்பட்டவர் அல்ல, முழுமையான கடவுளே என்றும், தூதர்களுக்குத் தலைவர் என்பதால் அந்தப் பெயர் என்றும் விளக்குகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கூற்று போலத் தெரியும், உள்ளே இரண்டும் எதிரெதிர்த் துருவம். இந்த வித்தியாசத்தை அறியாமல் இரு சாராரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். மிக்கேலைக் கிறிஸ்துவாகக் கண்டவர்கள் சீர்திருத்த மரபிலும் உண்டு. கால்வின் தானியேல் 12க்கு எழுதிய உரையில் அந்தப் பக்கமே சாய்ந்தார். 18ஆம் நூற்றாண்டுப் பாப்திஸ்து உரையாளர் ஜான் கில் அதையே இன்னும் அழுத்திச் சொன்னார்.

அவர்கள் காட்டும் ஆதாரம் சாதாரணமானதல்ல. ஆண்டவர் பிரதான தூதனுடைய சத்தத்தோடு வருகிறார், மரித்தோர் எழுகிறார்கள் என்கிறது தெசலோனிக்கேயர். யோவான் 5ஆம் அதிகாரத்திலோ மரித்தோர் கேட்டு எழுவது தேவகுமாரனுடைய சத்தத்தை. இரண்டையும் சேர்த்தால் அந்தச் சத்தம் ஒன்றே, ஆள் ஒருவரே என்கிறார்கள். தானியேலில் 'அதிபதிகளில் ஒருவன்' என்றிருப்பதை எபிரெயத்தில் 'அதிபதிகளில் முதல்வன்' என்றும் படிக்கலாம் என்கிறார்கள். யோசுவா 5ஆம் அதிகாரத்தில் "கர்த்தருடைய சேனையின் அதிபதி" என்று வந்தவர் யோசுவாவின் வணக்கத்தைத் தடுக்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்திலோ, தன்னை வணங்க விழுந்த யோவானைத் தூதன் தடுத்துவிடுகிறான். அப்படியானால் சேனையின் அதிபதி வெறும் தூதன் அல்லவே என்கிறார்கள். கடைசி வாதத்துக்கு என் மனம் எப்போதும் கொஞ்சம் இளகும். ஆனால் யோசுவா நூல் அந்த அதிபதியின் பெயரைச் சொல்லவில்லை.

நான் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. தெசலோனிக்கேயர் வசனத்தில் ஆண்டவர் எக்காளத்தோடும் வருகிறார். எக்காளம் இருப்பதால் அவரே எக்காளம் ஆகிவிடமாட்டார். தூதனின் சத்தம் கூட வருவதால் அவர் தூதன் ஆவதும் இல்லை. எபிரெயர் நிருபத்தின் முதல் அதிகாரம் முழுவதும் குமாரனையும் தூதர்களையும் பிரித்துக் காட்டவே எழுதப்பட்டது. தூதர்களில் யாரையாவது பார்த்துத் தேவன் என் குமாரன் என்று சொன்னதுண்டா என்று அது நேராகவே கேட்கிறது. தூதர் பணிவிடை செய்கிறவர், குமாரன் சிங்காசனத்தில் இருக்கிறவர். இதற்குமேல் தெளிவாக ஒருவர் எப்படி எழுத முடியும்? இருந்தாலும் வாசலில் வந்து நிற்கிறவர்களை நான் விரட்டுவதில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, அவர்கள் வேதத்திலேயே எபிரெயர் முதல் அதிகாரத்தைச் சேர்ந்து படிப்போம் என்று கேட்பேன்.

தஜாமின்னுக்கு வருகிறேன். நட் தேவதைகள் 37 பேர் என்று பர்மியர் எண்ணுகிறார்கள். தஜாமின்னைத் தவிர அநேகமாக எல்லோரும் ஒரு காலத்தில் மனிதராக இருந்து, கொடூரமாக இறந்து, பிறகு தேவதை ஆனவர்கள். நம் மதுரை வீரனின் கதையும் அப்படிப்பட்டதே. ஊர் எல்லையில் காவல் நிற்கிறார், கோபம் வந்தால் தண்டிப்பார், படையல் வைத்தால் குளிர்வார். இந்த ஊரில் முனீஸ்வரர் கோயிலையும் நட் மாடத்தையும் ஒரே தெருவில் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, வாளோடு நிற்கும் மிக்கேலும் அந்த வரிசையில் இன்னொருவராகத் தெரிவது இயல்பு. வேதத்துத் தூதர்கள் இறந்துபோன மனிதர்கள் அல்ல. தமக்கென்று படையல் கேட்பதில்லை, தமக்கென்று ஓர் எல்லையை வைத்துக்கொண்டு சொந்த விருப்பப்படி ஆள்வதும் இல்லை. கொலோசெயர் 2:18 தூதர்களுக்கு ஆராதனை செய்யும் பழக்கத்தைப் பற்றி எச்சரிக்கிறது. அந்தத் தடுமாற்றம் பவுலின் நாளிலேயே சின்ன ஆசியாவில் இருந்திருக்கிறது. எங்கள் ஆயா மிக்கேலிடம் ஜெபிக்கும்போது, எனக்காகக் கடவுளிடம் மன்றாடும் என்றுதான் கேட்பார். அந்த எல்லைக்கோட்டை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை.

மிக்கேல் என்ற பெயரே ஒரு கேள்வி. 'மி' என்றால் யார், 'கா' என்றால் போல, 'எல்' என்றால் கடவுள். கடவுளைப் போல யார்? அடுத்த ஞாயிறு அதைக் கரும்பலகையில் மூன்று துண்டாக எழுதிக் காட்டினேன். பிறகு யூதா நிருபத்தின் 9ஆம் வசனத்தைப் படித்தோம். மோசேயின் சரீரத்தைக் குறித்து மிகாவேல் பிசாசோடு தர்க்கிக்கிறார். மோசேயின் மரணத்தைச் சொல்லும் உபாகமம் 34இல் இந்தச் சம்பவம் இல்லை. யூதர் நடுவில் வழங்கிய வேறொரு நூலிலிருந்து யூதா இதை எடுத்தார் என்று 3ஆம் நூற்றாண்டில் ஒரிகேன் என்ற சபை அறிஞர் எழுதியிருக்கிறார். வானத்தில் யுத்தம் செய்த அந்தப் படைத்தலைவர் இங்கே பிசாசைத் தூஷணமாய்க் குற்றப்படுத்தத் துணியாமல், "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்று மட்டும் சொல்கிறார். வாய்க்கு வந்தபடி தூஷிக்கிற மனிதர்களைக் கண்டிக்கத்தான் யூதா இந்த உதாரணத்தைக் கொண்டுவருகிறார்.

கேள்வி கேட்ட பையனிடம் சகரியா 3:2ஐ எடுக்கச் சொன்னேன். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க அவனுக்கு நேரம் பிடித்தது. பிரதான ஆசாரியனான யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான், அவன்மேல் குற்றம் சாட்டச் சாத்தான் பக்கத்தில் நிற்கிறான், அப்போது கர்த்தர் சாத்தானிடம் சொல்கிற வார்த்தை அங்கே இருக்கிறது. பாதியில் நிறுத்தினான். விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு மறுகையால் யூதா நிருபத்துக்குத் திருப்பினான்.

"சயாமா, அதே வார்த்தை. மிக்கேல் சொந்தமாக ஒன்றும் சொல்லவில்லை."